நம்ம கைக்கு வந்த மாத்திரை – ஃபோலிக் ஆசிட்டின் கதை



ஆண்டு விழா மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று நம்ம கூட்டமைப்புத் தலைவி கேட்டபோது, "சேமிப்பு வரலாறு, கடன் வரலாறு எல்லாம் மத்தவங்க எழுதுவாங்க. நான் ஒரு மாத்திரையோட வரலாறு எழுதுறேன்" என்று சொன்னேன். "மாத்திரைக்கு என்னம்மா வரலாறு?" என்று சிரித்தார். இருக்கிறது. அதிலே பம்பாய் வருகிறது, குன்னூர் வருகிறது, நம்ம சென்னை கோஷா ஆஸ்பத்திரியும் வருகிறது. என் சொந்த அக்காவும் அதில் வருகிறார்.

போன வருஷம் ஒரு மாதாந்திரக் கூட்டத்துக்கு நர்சம்மா வந்திருந்தார். சத்து மாத்திரை பற்றிப் பேசினார். பேசி முடித்ததும் நம்ம ஆட்கள் கேட்ட கேள்விகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அதைச் சாப்பிட்டா குழந்தை கறுப்பாப் பொறக்குமாமே?" "குழந்தை பெரிசாகி ஆபரேஷன் பண்ண வேண்டி வருமாமே?" "எங்க காலத்துல இதெல்லாம் சாப்பிட்டா பெத்தோம்?" கடைசிக் கேள்வியைக் கேட்டவர் நாலு பெற்றவர். எல்லாரும் சிரித்தார்கள். எங்க அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் போட வேண்டாம் என்றார். 1986-ல் அக்காவுக்குத் தலைப்பிரசவம். பொம்பளப் பிள்ளை. முகம் லட்சணமாக இருந்தது. முதுகுக்குக் கீழே தோல் மூடாமல், ஒரு கொப்புளம் மாதிரித் திறந்து இருந்தது. காலில் அசைவு இல்லை. பதினோரு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது. அந்தப் பதினோரு நாளும், அதற்கப்புறம் பல வருஷமும் அக்கா கேட்ட பேச்சுதான் பெரிது. கிரகணத்தில் வெளியே போனாள் என்றார்கள். கத்தி பிடித்துக் காய் நறுக்கினாள் என்றார்கள். ஏதோ பாவம் என்றார்கள். அக்காவும் நம்பிவிட்டார். நாற்பது வருஷமாக அந்தப் பழியை மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்.

சமுதாய வளப் பயிற்றுநர் பயிற்சிக்குப் போனபோதுதான் இந்தக் குறைக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பம்பாய்க்கு வந்த டாக்டரம்மா

1920-களில் பம்பாயில் கர்ப்பிணிகள் ஒரு விதமான இரத்தசோகையில் நிறையப் பேர் செத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பு வெளிறிப் போகும், மூச்சு வாங்கும், கால் வீங்கும், பிரசவத்தோடு உயிர் போய்விடும். சாதாரண இரத்தசோகையில் சிவப்பணுக்கள் சின்னதாகும். இவர்களுக்கோ ஊதிப் பெரிசாகி, முதிராமல் இருந்தன. எதனால் என்று யாருக்கும் புரியவில்லை.

மார்கரெட் பால்ஃபர் என்ற பெண் மருத்துவர் அப்போது இந்தியாவில் வேலை பார்த்தார். தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று விசாரிக்கும் ஆய்வில் இருந்தவர். அவர் இங்கிலாந்திலிருந்து இன்னொரு பெண் மருத்துவரை வரவழைத்தார். அவர் பெயர் லூசி வில்ஸ். 1888-ல் பிறந்தவர். முதலில் தாவரவியலும் நிலவியலும் படித்து, அதற்கப்புறம் லண்டனில் பெண்களுக்கென்று இருந்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920-ல் டாக்டரானவர். 1928-ல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

முதலில் கிருமியாக இருக்குமோ என்று பார்த்தார். இல்லை. அப்புறம் அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. யாருக்கு இந்த நோய் வருகிறது, அவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தார். வசதியான வீட்டுப் பெண்களுக்கு இந்த நோய் குறைவு. ஏழைப் பெண்களுக்கு, அதிலும் காய்கறி, பழம் கண்ணில் படாத வீட்டுப் பெண்களுக்கு அதிகம். அப்படியென்றால் கோளாறு சாப்பாட்டில்தான் என்று முடிவுக்கு வந்தார்.

நம்ம குழுவில் கடன் கொடுக்கும் முன்னால் குடும்ப நிலையை விசாரிக்கிறோம் இல்லையா? அந்த அம்மா மருந்து கொடுக்கும் முன்னால் அடுப்பங்கரையை விசாரித்தார்.

குன்னூரும் கோஷா ஆஸ்பத்திரியும்

1929-ல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் வேலை செய்தார். நாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்கிற இடம் என்று நமக்கெல்லாம் தெரியுமே, அதே இடம்தான். அங்கே அப்போது உணவு ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. அதுதான் பின்னாளில் ஐதராபாத்துக்குப் போய் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது.

பம்பாய் ஏழைப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியான சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சினை எலிகளுக்கு இரத்தசோகை வந்தது. சாப்பாட்டோடு ஈஸ்ட் சேர்த்தபோது வரவில்லை. ஆனால் அந்த எலிகளுக்குப் பேன் தொல்லை இருந்தது, பேனால் பரவும் நோயும் இந்த முடிவைக் கெடுத்திருக்கலாம் என்று பிறகு தெரிந்தது. செய்த வேலையை விட்டுவிடவில்லை, குரங்குகளை வைத்து மறுபடியும் செய்தார். அப்படி ஒரு குரங்கு ரொம்ப மோசமாகிவிட்டது. அதற்கு மார்மைட் கொடுத்தார். குரங்கு பிழைத்துக்கொண்டது.

மார்மைட் என்பது பீர் காய்ச்சியபின் மிஞ்சுகிற ஈஸ்டிலிருந்து எடுக்கும் கறுப்பான, உப்பான பசை. இங்கிலாந்தில் ரொட்டியில் தடவித் தின்பார்கள். விலை மலிவு. அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சாகக் கிடந்தவர்கள் தேறினார்கள்.

1931 தொடக்கத்தில் அவர் சென்னையில் இருந்தார். வேலை பார்த்தது திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். இன்றைக்கு அதன் பெயர் அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. இன்னும் பழைய ஆட்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். ஆண் டாக்டரிடம் காட்ட மாட்டோம் என்று வீட்டுக்குள்ளேயே இருந்து செத்த பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவர் முயற்சி எடுத்து 1885-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. அவரும் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ல் சேர்ந்து படித்த முதல் பெண்களில் ஒருவர்.

தன்னுடைய கண்டுபிடிப்பை லூசி வில்ஸ் 1931-ல் இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். ஈஸ்டில் என்ன சத்து இருக்கிறது என்று அப்போது அவருக்கே தெரியாது. ஈரலிலும் அது இருக்கிறது என்று மட்டும் கண்டார். பேர் தெரியாத அந்தச் சத்தை மற்றவர்கள் "வில்ஸ் காரணி" என்று கூப்பிட்டார்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1964-ல் காலமானார்.

கீரையிலிருந்து வந்த பெயர்

1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூன்று பேர் நாலு டன் பாலக்கீரையை வாங்கி, அரைத்து, வடிகட்டி, கடைசியில் துளியூண்டு சத்தைப் பிரித்து எடுத்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பேர். அதனால் இதற்கு ஃபோலிக் ஆசிட் என்று பேர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் இலைச்சத்து. லூசி வில்ஸ் தேடியதும் இதுதான் என்று பிறகு உறுதியானது.

ஆனால் நாலு டன் கீரையிலிருந்து துளி எடுத்தால் அது யாருக்குப் போதும்? தொழிற்சாலையில் செய்ய வழி வேண்டும். அதைச் செய்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம்ம பக்கத்து மனிதர். எல்லாப்ரகட சுப்பாராவ். 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். படிப்பில் தோற்று, பிறகு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. கோஷா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்களில் நடந்து திரிந்தவர்.

அவருடைய சகோதரர்கள் இரண்டு பேர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் இறந்துபோனார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல், இரத்தம் வற்றி ஆளைக் கொல்லும் நோய் அது. அவருக்கே அந்த நோய் வந்து, ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்தார். 1922-ல் அமெரிக்கா போனார். லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவரானார். 1945-ல் அவருடைய குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகச் செய்துகாட்டியது. தன் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கும் அதுவே மருந்தானது. 1948-ல், 53 வயதிலேயே சுப்பாராவ் இறந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் இது சின்ன மாத்திரையாக, மலிவான மாத்திரையாக எல்லா நாட்டுக்கும் போனது. நம் நாட்டில் 1970-ல் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்த மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நம்மில் பலருடைய அம்மாக்கள் கையில் அந்த மாத்திரை இருந்திருக்கிறது. சாப்பிட்டார்களா, கூரையில் சொருகினார்களா என்பது வேறு கதை.

முதுகுத் தண்டு மூடும் நாள்

இதுவரை சொன்னது இரத்தசோகைக் கதை. இனிமேல்தான் அக்காவின் கதை.

ஃபோலிக் ஆசிட்டின் வேலை என்ன? உடம்பில் புதிய உயிரணு உண்டாகிற இடத்தில் எல்லாம் அது வேண்டும். ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பிரிய அது வேண்டும். கருவில் இருக்கும் பிள்ளைக்கு இருக்கிற மாதிரி வேகமான வளர்ச்சி வேறெங்கே இருக்கிறது?

கரு உண்டான மூன்றாவது, நான்காவது வாரத்தில், அரிசி அளவுகூட இல்லாத அந்த உயிரின் முதுகில் தட்டையாக ஒரு பட்டை இருக்கும். அது பாயைச் சுருட்டுகிற மாதிரி இரண்டு ஓரமும் மடங்கி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, குழாய் ஆகும். அந்தக் குழாயின் மேல் முனை மூளை ஆகிறது. மற்றது முதுகுத் தண்டு ஆகிறது. கரு உண்டாகி 28 நாளுக்குள் இந்த வேலை முடிந்துவிடும். மேல் முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாது, பிள்ளை பிழைக்காது. கீழே மூடாவிட்டால் முதுகு திறந்து நிற்கும். ஸ்பைனா பைஃபிடா என்று டாக்டர்கள் சொல்வார்கள். அக்கா பிள்ளைக்கு இருந்தது அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போய், பத்து நாள் பொறுத்துப் பார்த்து, பரிசோதித்து, மாமியாரிடம் சொல்லி, நர்சம்மாவிடம் பதிவு செய்யும்போது இரண்டு மாதம் ஆகிவிடும். அந்தக் குழாய் மூடுகிற வேலை அதற்குள் முடிந்துபோயிருக்கும்.

இதற்கும் ஃபோலிக் ஆசிட்டுக்கும் தொடர்பு இருக்குமோ என்ற சந்தேகத்தை 1965-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹிபார்ட், ஸ்மித்தெல்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் எழுப்பினார்கள். ஸ்மித்தெல்ஸ் விடவில்லை. ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளையைப் பெற்ற தாய்மார்களுக்கு, அடுத்த கரு உண்டாவதற்கு முன்பிருந்தே வைட்டமின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார். மறுபடியும் அப்படிப் பிறப்பது நன்றாகக் குறைந்தது. 1980-ல் அதை எழுதினார். ஆனால் மற்ற டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரை கேட்டு வந்த பெண்கள் முதலிலேயே நல்ல கவனமாக இருக்கிறவர்களாக இருக்கலாமே என்றார்கள். நியாயமான கேள்விதான்.

அதனால் 1983-ல் பெரிய ஆராய்ச்சி ஒன்று தொடங்கியது. நிக்கோலஸ் வால்ட் என்பவர் தலைமை. 7 நாடுகள், 33 ஆஸ்பத்திரிகள். ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்ற 1,817 பெண்கள். சீட்டுக் குலுக்குகிற மாதிரி நாலு பிரிவாகப் பிரித்தார்கள். சிலருக்கு ஃபோலிக் ஆசிட், சிலருக்கு வேறு வைட்டமின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

1991-ல் கணக்கைத் திறந்து பார்த்தார்கள். குறையோடு உண்டான பிள்ளைகள் மொத்தம் 27. அதில் ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டவர்களுக்கு 6. சாப்பிடாதவர்களுக்கு 21. நாலில் கிட்டத்தட்ட மூன்று பங்கு தடுக்கப்பட்டிருந்தது. மற்ற வைட்டமின்களால் பலன் இல்லை. இதற்கு மேலும் ஒரு பெண்ணுக்கு மாத்திரை கொடுக்காமல் வைத்திருப்பது தப்பு என்று ஆராய்ச்சியைப் பாதியிலேயே நிறுத்தி, உலகத்துக்குச் சொன்னார்கள்.

அடுத்த வருஷமே ஹங்கேரி நாட்டில், முன்பு அப்படிப் பிள்ளை பெறாத பெண்களுக்கும் இது பலன் தருகிறது என்று காட்டினார்கள். 1990-களின் நடுவில் சீனாவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பெண்களிடம் பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய பரிசோதனைக்கு வரும்போதே 400 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தார்கள். இந்தக் குறை அதிகமாக இருந்த வடக்குப் பகுதியில் ஆயிரம் பிறப்புக்கு 5 என்று இருந்தது, மாத்திரை எடுத்தவர்களிடம் 1 ஆகக் குறைந்தது.

இந்த வருஷங்களைப் படித்தபோது நான் அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, நீ பெத்தது 86-ல. உலகத்துக்கே இது உறுதியாத் தெரிஞ்சது 91-லதான். உனக்கு எப்படித் தெரியும்? கிரகணமும் இல்ல, கத்தியும் இல்ல, பாவமும் இல்ல" என்றேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இதை அப்பவே யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாத்திரை சாப்பிட்டாலும் ஒரு சில பிள்ளைகள் இப்படிப் பிறக்கலாம். பரம்பரை, சர்க்கரை நோய், சில வலிப்பு மாத்திரைகள் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால் எந்தத் தாயையும் பார்த்து "நீ மாத்திரை சாப்பிடல, அதான்" என்று சொல்லக்கூடாது. கிரகணத்தின் பேரில் போட்ட பழியை மாத்திரையின் பேரில் போட வேண்டாம்.

மாவிலும் அரிசியிலும்

எல்லாப் பெண்களும் கரு உண்டாகும் முன்பே மாத்திரை சாப்பிடுவது நடக்கிற காரியமா? பாதிப் பேருக்குக் கரு உண்டானதே லேட்டாகத்தான் தெரிகிறது. அதனால் அமெரிக்காவில் 1998 முதல் கோதுமை மாவிலேயே ஃபோலிக் ஆசிட் கலக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். ஆராய்ச்சி செய்த இங்கிலாந்தோ, மாவில் கலக்கப் போகிறோம் என்று 2021-ல்தான் அறிவித்தது. முப்பது வருஷம்!

அதே 2021-ல் நம் நாட்டில் அரசுத் திட்டங்களின் அரிசியைச் செறிவூட்டப் போவதாக அறிவித்தார்கள். ரேஷன் அரிசி களையும்போது கொஞ்சம் நிறம் மாறின, தண்ணீரில் மிதக்கிற அரிசி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கிப் பொறுக்கி எறிந்தோமே! அது அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட், வைட்டமின் பி12 கலந்து அரிசி வடிவத்தில் அச்சிட்டது. நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தார்கள். நானும் பொறுக்கி எறிந்தவள்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அரிசி ஒரு கிலோவில் இருக்கும் ஃபோலிக் ஆசிட் 75-லிருந்து 125 மைக்ரோகிராம்தான். ஒரு பெண் ஒரு நாளைக்குக் கால் கிலோ அரிசி சாப்பிட்டால் முப்பதுதான் கிடைக்கும். கரு உண்டாகப் போகும் பெண்ணுக்கு மாத்திரையில் வேண்டியது 400. அதனால் அரிசி துணைக்குத்தான், மாத்திரைக்குப் பதில் ஆகாது.

கீரை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை எல்லாவற்றிலும் இந்தச் சத்து இருக்கிறது. ஆனால் இது தண்ணீரில் கரையும், ரொம்ப நேரம் கொதித்தால் போய்விடும். கீரையைக் கழுவிய பிறகு நறுக்குங்கள், அளவாக வேகவையுங்கள், வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். இதுவும் நல்ல சாப்பாட்டுப் பழக்கம்தான். கருவின் முதல் மாதத்துக்கு இது மட்டும் போதாது.

இப்போதைய முறை

2018-ல் வந்த இரத்தசோகை இல்லா பாரதம் திட்டத்தின்படி அரசு சொல்வது இதுதான்:

கரு உண்டாவதற்கு முன்பிருந்தே, முதல் மூன்று மாதம் முடியும்வரை: தினமும் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம்.

நான்காம் மாதத்திலிருந்து: இரும்புச்சத்து 60 மில்லிகிராமும் ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை, தினமும் ஒன்று, 180 நாள். பிள்ளை பெற்ற பிறகு இன்னும் 180 நாள்.

வளரிளம் பெண் பிள்ளைகளுக்கு: வாரம் ஒன்று, நீல மாத்திரை. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுப்பார்கள்.

முன்பு இப்படிக் குறையோடு பிள்ளை பிறந்திருந்தால், அடுத்த பிள்ளைக்கு யோசிக்கும்போதே டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர்களுக்கு அளவு பத்து மடங்கு வரை அதிகம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் முன்கூட்டியே கேட்க வேண்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கடையில் நீங்களாக வாங்கியும் அளவைக் கூட்டாதீர்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் நிறம் அப்பா அம்மாவிடமிருந்து வருவது, மாத்திரையிலிருந்து வராது. மலம் கறுப்பாகப் போவது இரும்புச்சத்தால், பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளை அதனால் அளவுக்கு மீறிப் பெரிசாகாது. குமட்டினால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடாதீர்கள், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் வேறு நேரத்தில் போடுங்கள். "எங்க காலத்துல சாப்பிட்டா பெத்தோம்" என்ற கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. பம்பாயில் செத்த அந்தப் பெண்களும் அப்படித்தான் சாப்பிடாமல் இருந்தார்கள்.

2019–21-ல் நாடு முழுவதும் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. லூசி வில்ஸ் வந்து தொண்ணூறு வருஷம் ஆன பிறகும் இந்த நிலை.

நம்ம குழு என்ன செய்யலாம்?

நர்சம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு பெண் கர்ப்பம் என்று பதிவு செய்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய மாதங்களில் அந்தப் பெண்ணை யாருக்குத் தெரியும்? நமக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை முதலில் வருவது நம்ம குழுவுக்குத்தான். அதற்கும் முன்னால் கல்யாணக் கடன் கேட்டு மனு வருவதும் நம்மிடம்தான். ஊருக்குத் தெரியும் முன்னே நம்ம தீர்மானப் புத்தகத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

1989-ல் தருமபுரியில் முதல் குழுக்கள் தொடங்கியபோது, பெண்கள் கையில் காசு இருந்தால் வீடு மாறும் என்றார்கள். மாறியது. காசோடு சேர்ந்து ஒரு சேதியும் நம்ம கை வழியாகப் போகட்டும்.

என் யோசனை இதுதான். கல்யாணக் கடன் தீர்மானம் போடுகிற அன்றைக்கே, அந்த அம்மாவிடமோ பெண்ணிடமோ குழுவில் ஒருவர் இதைச் சொல்ல வேண்டும்: "கண்ணு, பிள்ளை வேணும்னு நினைக்கிறதுக்கு ஒரு மாசம் முந்தியே ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஆரம்பிச்சிடு." மருமகள் வருகிற வீட்டிலும் அப்படியே சொல்ல வேண்டும். மாமியாருக்கும் மகனுக்கும் தெரிந்தால்தான் அந்தப் பெண் ஒளித்து வைத்துச் சாப்பிடாமல் இருப்பாள். கல்யாணத்துக்கு முன்னாடி மாத்திரையா என்று நாலு பேர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நாம் வங்கிக்குப் போனபோதும் அப்படித்தான் பார்த்தார்கள்.

எங்க குழுவில் இதைத் தீர்மானமாகவே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். போன மாதம் ஒரு பெண்ணுக்குக் கல்யாணக் கடன் கொடுத்தோம். அந்தச் சேதியைச் சொல்ல யார் போவது என்று கேட்டபோது, எங்க அக்கா "நான் போறேன்" என்று எழுந்தார். போய்ச் சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னீங்க என்று கேட்டேன். "எனக்கு நடந்ததைச் சொன்னேன். அப்புறம் மாத்திரையைச் சொன்னேன்" என்றார். வெளியாள் ஒருவரிடம் அக்கா அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

சகோதரிகளே, உங்க குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.